கீழ்ப்படிவது என்றால் அனுசரித்துப் போவதா?

குமரி மாவட்டத்துக் குழித்துறையில் பிறந்து, கேரளத்துப் பாறசாலையில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு இரண்டு வேதாகமங்கள் உண்டு. தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது தமிழ், சபையில் வாசிக்கப்படுவது மலையாளம். தமிழில் ‘கீழ்ப்படிதல்’ என்று இருக்கும் இடத்தில் மலையாளத்தில் ‘அனுசரணம்’ என்று இருக்கும். நமக்கோ அனுசரணை என்றால் வேறு பொருள். கல்யாணத்தன்று காரில் ஏறும்போது அம்மா காதோடு சொல்லி அனுப்புவாளே, “கொஞ்சம் அனுசரிச்சுப் போ மக்களே” என்று, அதுதான் நமக்குத் தெரிந்த அனுசரணை. மலையாளப் பிரசங்கத்தில் வருகிற அனுசரணமும் அம்மா சொன்ன அனுசரணையும் காதில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்ச் சபைகளிலும் இதே குழப்பம்தான். தேவனுக்குக் கீழ்ப்படிவது என்றால் எல்லோருக்கும் வளைந்து கொடுப்பது என்றே பல பெண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் இந்த முடிச்சை அவிழ்த்துக்கொள்வோம்.

பழைய ஏற்பாட்டின் எபிரெயத்தில் கீழ்ப்படிவதற்குத் தனிச் சொல் தேட வேண்டியதில்லை. ‘ஷமா’ என்றால் கேள். காதால் கேட்பதும் அதுதான், கேட்டபடி செய்வதும் அதுதான். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ‘ஹுபகோஏ’ என்ற சொல்லுக்குள்ளும் ‘கேட்டல்’ இருக்கிறது. தமிழருக்கு இது புதிதல்ல. “சொன்னா கேக்கமாட்டியா?” என்று பிள்ளையை அதட்டும்போது நாம் சந்தேகப்படுவது அதன் காதையா? ஆகவே கீழ்ப்படிதலின் முதல் கேள்வி ‘எவ்வளவு பொறுத்துப்போகிறேன்’ என்பதல்ல, ‘யாருடைய குரலைக் கேட்கிறேன்’ என்பதுதான்.

இதற்கு 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தை விடத் தெளிவான பாடம் கிடையாது. பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்ற 22ஆம் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு வசனம் தள்ளி 24ஐ வாசிக்கிறவர்கள் குறைவு. அமலேக்கியரை ஆடுமாடுகளோடு அழிக்கச் சொன்ன தேவ கட்டளையை முழுதாகச் செய்யாத ராஜா சவுல், அங்கே தன் தவறை ஒப்புக்கொள்கிறான்: ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்கிறான். மூலத்தில் அதே ‘ஷமா’தான். அவன் யார் பேச்சையும் கேட்காமல் கெட்டவன் அல்ல. கேட்க வேண்டிய குரலை விட்டுவிட்டு, கூட இருந்தவர்களை அனுசரித்துப் போனவன். நல்ல ஆடுமாடுகளை மிச்சம் வைத்ததற்கு அவன் சொன்ன சாக்கும் பக்தியானது, ‘பலியிடத்தான் வைத்தோம்’ என்று.

கட்டளை, யோசனை, வழக்கம்

அன்றாடம் நம் முன்னால் வந்து நிற்கிற ‘இப்படிச் செய்’களை மூன்று கூடையில் பிரிக்கலாம்.

முதல் கூடையில் நேரடிக் கட்டளைகள். பொய் சொல்லாதே, பிறர் பொருளைத் தொடாதே, மன்னி, கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே. இவற்றுக்கு ஜெபித்து வழி கேட்க வேண்டியதில்லை, செய்தால் போதும். ரப்பர் வெட்டுகிறவருக்கு இந்த வாரக் கூலியைக் கொடுப்பதா வேண்டாமா என்று ஆண்டவரிடம் அடையாளம் கேட்கிற ஜெபம் ஜெபமே அல்ல. லேவியராகமம் 19:13இல் பதில் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவது, ஞானத்துக்கு விடப்பட்டவை. வேலைக்குப் போகலாமா, பிள்ளையைத் தமிழ் மீடியத்தில் சேர்ப்பதா, திருவனந்தபுரத்தில் வீடு பார்ப்பதா. இவற்றில் தவறான முடிவு எடுத்தால் நஷ்டம் வரலாம், அது பாவமாகிவிடாது. இதைப் பிரித்தறியாத பெண்கள், பாத்திரம் வாங்குவது வரைக்கும் ‘இது தேவ சித்தமா’ என்று பயந்து பயந்து களைத்துப்போகிறார்கள்.

மூன்றாவது, சபை வழக்கமும் ஊர் வழக்கமும். முக்காடு, நகை, பூ, ஞாயிறன்று என்ன நிறச் சேலை. ஒரே தெருவில் சிஎஸ்ஐ சபைப் பெண் கழுத்தில் தாலிச் செயினும், பெந்தெகொஸ்தே சபைப் பெண் கழுத்து வெறுமையாகவும் இருப்பதை மார்த்தாண்டம் பக்கம் யாரும் பார்க்கலாம். இருவரும் ஒரே 1 பேதுரு 3:3ஐத்தான் வாசிக்கிறார்கள். நீங்கள் சேர்ந்திருக்கும் சபையின் ஒழுங்கை மதித்து நடங்கள். ஆனால் அதைச் செய்துவிட்டதால் முதல் கூடை காலியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நகையைக் கழற்றிவிட்டு, மருமகளிடம் நகைக் கணக்குக் கேட்கிற மாமிகள் நம் ஊரில் இருக்கத்தானே செய்கிறார்கள்.

தவறுகள் பெரும்பாலும் நேருவது, மூன்றாவது கூடையில் இருப்பதை எடுத்து முதல் கூடையில் போடுவதால்தான்.

எப்படித் தொடங்குவது

ரப்பர் விளை (தோட்டம்) உள்ள வீடுகளில் இருட்டிலேயே வெட்டு முடிந்துவிடும். பால் சிரட்டையில் சொட்டி நிறைய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதன் பிறகுதான் வாளியோடு பால் எடுக்கப் போக வேண்டும். அந்த இடைவெளியில் பத்து நிமிடம் போதும். விளை இல்லாதவர்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, சாயா ஆறுவதற்குள் என்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளலாம். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் ஜெபம் என்று சட்டம் இல்லை. நான்கு மணிக்கு எழுந்து பத்து மணிக்கு எல்லோர் மேலும் எரிந்து விழுவதைவிட, ஒன்பது மணிக்குத் தெளிவாக உட்காருவது நல்லது.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று என்றால் 16 நாள். முடிந்ததும் நீதிமொழிகள், 31 அதிகாரம், மாதத்துக்குச் சரியாக வரும். வாசிக்கும்போது ஒன்றே ஒன்றைத் தேடுங்கள், இங்கே எனக்குச் செய்யச் சொன்னது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஒரு நோட்டில் ஒரே வரி எழுதுங்கள். அந்த வரியில் ஆள், செயல், நேரம் மூன்றும் இருக்க வேண்டும். மாற்கு 11:25இல் ஜெபம்பண்ணும்போது மன்னியுங்கள் என்று வருகிறது. ‘எல்லோரையும் மன்னிப்பேன்’ என்று எழுதினால் நாளைக்கே மறந்துபோகும். ‘மைனி கிறிஸ்மஸுக்குச் சொன்ன வார்த்தையை இனி யாரிடமும் எடுத்துப் பேசமாட்டேன், இன்று மாலை அவளுக்கு நானே போன் போடுவேன்’ என்று எழுதினால், இரவில் நோட்டைத் திறக்கும்போது செய்தோமா இல்லையா என்று தெரிந்துவிடும். எல்லா நாளும் எழுத ஒன்று கிடைக்காது. அன்றைக்கு வாசித்ததோடு நிறுத்திக்கொள்ளலாம், வலிந்து எதையும் பிழிய வேண்டாம்.

இதைக் கெடுக்கிற பழக்கம் ஒன்று உண்டு. வேதாகமத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய வார்த்தையாக எடுப்பது. அதன் அண்ணன்தான் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை. அட்டை எடுப்பதில் தவறில்லை. ஆனால் ‘கள்ளத்தராசை வைத்திருக்காதே’ என்ற அட்டை யாருக்காவது வந்து கேள்விப்பட்டதுண்டா? ஆசீர்வாதத்தை மட்டும் வெட்டி அச்சடித்தால், கேட்பதற்கு அதில் ஒன்றும் மிஞ்சாது.

நீதிமொழிகள் 31இன் குணசாலியான ஸ்திரீயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 10 முதல் 31 வரை உள்ள 22 வசனங்களும் எபிரெயத்தில் 22 எழுத்துகளின் வரிசையில் அமைந்த பாட்டு, நம் ஆத்திசூடியைப் போல. இருட்டோடே எழுந்திருக்கிறாள் என்று 15ஆம் வசனம், இரவில் அவள் விளக்கு அணையாது என்று 18ஆம் வசனம். இரண்டையும் ஒரே நாளின் வேலைப் பட்டியலாக எடுத்தால் அவள் தூங்குவது எப்போது? ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதையும் திரும்பிப் பார்த்துப் பாடிய புகழ்ச்சி அது. அவள் நிலத்தைப் பார்த்து வாங்குகிறாள் என்ற 16ஆம் வசனத்தைக் கல்யாண வீட்டுப் பிரசங்கங்களில் யாரும் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

கட்டளை வந்து நிற்கும் இடங்கள்

எல்லைப் பகுதியில் வாழ்கிறவர்களுக்குச் சோதனைகளும் எல்லைக்கு ஏற்றபடிதான் வரும். விலையில்லா ரேஷன் அரிசியை வீட்டு வாசலில் வந்து வாங்கிக்கொண்டு, களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குக் கடத்துகிற ஏஜென்டுகள் உண்டு. ‘நாம சாப்பிடாத அரிசிதானே, எல்லாரும்தானே குடுக்காங்க’ என்பதுதான் வழக்கமான பதில். ரேஷன் பொருளை விற்பது சட்டப்படி குற்றம். அரசாங்கத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13 நேரடியாகப் பொருந்துகிற இடம் இது. சாப்பிடாத அரிசியை வாங்காமல் இருக்கலாம், அல்லது அரிசி இல்லாத அட்டையாக மாற்றக் கேட்கலாம். ‘எல்லாரும்’ என்று சொல்லும்போது சவுலின் 24ஆம் வசனம் நினைவுக்கு வர வேண்டும்.

எடை இன்னொரு இடம். சரியாகக் காயாத ரப்பர் ஷீட் எடை கூடும், ஆனால் உள்ளே வெள்ளைத் திட்டு தெரியும், வியாபாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். தோவாளைப் பூச்சந்தைக்குப் போகிற பிச்சிப் பூவில் தண்ணீர் தெளிப்பது வாடாமலிருக்கவா, எடைக்காகவா என்பது தெளிக்கிறவருக்குத்தான் தெரியும். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிற நீதிமொழிகள் 11:1 பேசுவது அந்தக் கையைப் பற்றித்தான். முந்திரி ஆலையில் உடைத்த பருப்புக்கு எடை போட்டுக் கூலி வாங்குகிறவர்களுக்கும் அதே வசனம். கூலி குறைத்துக் கொடுக்கிற முதலாளிக்கு யாக்கோபு 5:4 தனியாக இருக்கிறது, அதை எடுத்துச் சொல்லிக் கேட்பதும் கீழ்ப்படியாமை ஆகாது.

நாக்கைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, ஒன்று மட்டும். வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் ‘அந்த வீட்டுப் பிள்ளைக்காக ஜெபிச்சுக்கோங்க, விஷயம் வெளியே தெரிய வேண்டாம்’ என்று போடுவது, ஜெபக்குறிப்பு வேஷம் போட்ட கோள். சம்பந்தப்பட்டவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த அளவு மட்டும் எழுதலாம். சம்மதம் கேட்கக் கூச்சமாக இருந்தால், நீங்களே தனியாக ஜெபித்துவிடுங்கள்.

அடுத்தது, ஊரே வாய் மூடி இருக்கும் விஷயம், வரதட்சணை. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். தண்டனை குறைந்தது 5 ஆண்டுச் சிறை, அபராதம் குறைந்தது 15,000 ரூபாய், அல்லது வாங்கிய வரதட்சணையின் மதிப்பு அதைவிட அதிகமானால் அந்தத் தொகை. ‘எத்தனை பவுன் போடுவீங்க’ என்ற கேள்வி பெரும்பாலும் மாப்பிள்ளையின் அம்மா, அத்தை, அக்கா வாயிலிருந்துதான் புறப்படுகிறது. ஆகவே இந்தக் கட்டளை பெண்களின் கையிலேயே இருக்கிறது. மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கும் முன்பே, தரகரிடம் ‘எங்களுக்குப் பவுன் பேச்சு வேண்டாம்’ என்று சொல்லிவிடுவது எளிது. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு சொல்வது கடினம், சொந்தக்காரர் நான்கு பேர் நடுவில் வந்துவிடுவார்கள்.

நேர்ச்சை, உபவாசம், தீர்க்கதரிசனம்

வேளாங்கண்ணிக்கு மொட்டை, சபைக்கு ஒரு மாத வருமானம், வெள்ளிதோறும் உபவாசம் என்று பொருத்தனை செய்வது எல்லாச் சபைப் பெண்களிடமும் உண்டு. பிரசங்கி 5:4,5 சொல்வது எளிது: நேர்ந்தால் செய், செய்ய முடியாததை நேராதே. நேர்ச்சை கட்டாயமல்ல, கட்டளைதான் கட்டாயம். கட்டளையைச் செய்யாததற்கு ஈடாக நேர்ச்சை வைப்பது, சவுல் பலியைச் சாக்காகச் சொன்னது போலத்தான். மாற்கு 7:11இல் இயேசு ‘கொர்பான்’ என்று எடுத்துச் சொல்வதும் இதுதான், கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுவது. ஒரு நாள் முழுக்க உபவாசக் கூட்டத்தில் இருந்துவிட்டு வரும்போது, வீட்டில் நடக்க முடியாத மாமியாருக்கு மத்தியானக் கஞ்சி கிடைத்ததா என்று பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் உணவை விடும் உபவாசம் இருக்க வேண்டாம். மருந்து போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். சீரியலையோ போனையோ ஒரு நாள் விடுவதும் உபவாசம்தான்.

‘கர்த்தர் என்னிடம் சொன்னார், நீ கழுத்துச் செயினைக் கொடு’ என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? 1 தெசலோனிக்கேயர் 5:20,21 இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது: தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதே, எல்லாவற்றையும் சோதித்துப் பார். சோதிப்பது என்றால், அன்றைக்கே கொடுக்காமல் பத்து நாளாவது தள்ளிப்போடுவது, வீட்டில் வெளிப்படையாகப் பேசுவது, சபையில் வேறு இரண்டு மூத்தவர்களிடம் கேட்பது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம். மருந்தை நிறுத்தச் சொன்னாலும் அப்படியே. அவசரமும் ரகசியமும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் யாரோ பணத்துக்கு அவசரப்படுகிறார்கள்.

காணிக்கை விஷயத்தில் நம் பாட்டிமார் கண்ட பழைய முறை ஒன்று நல்லது: பிடியரிசி. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. ஒரு பிடி சுமார் 40 கிராம் என்று வைத்தால், இரண்டு வேளைக்கு மாதம் 2.4 கிலோ சேரும். யாரும் கேட்டு வாங்காதது, யாருக்கும் தெரியாதது, ஆனால் தினமும் கை செய்வது.

கணவன் சொல்லும் கர்த்தர் சொல்லும் மோதினால்

தொடக்கநிலையில் இருப்பவர்கள் மிகவும் குழம்புவது இங்கேதான். எபேசியர் 5:22இல் மனைவிகளுக்கும் 6:1இல் பிள்ளைகளுக்கும் தமிழில் ‘கீழ்ப்படியுங்கள்’ என்ற ஒரே சொல் வருகிறது. கிரேக்கத்தில் இரண்டு சொற்கள். பிள்ளைகளுக்குச் சொன்னது மேலே பார்த்த ‘கேட்டு நடத்தல்’. மனைவிகளுக்குச் சொன்னது ‘தன்னை ஒருவருக்குக் கீழாக அமைத்துக்கொள்ளுதல்’. பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 22இல் தனி வினைச்சொல்லே கிடையாது, ‘ஒருவருக்கொருவர்’ என்று சொல்லும் 21ஆம் வசனத்திலிருந்துதான் அது தொடர்கிறது. 1 பேதுரு 3:6 சாராள் ஆபிரகாமுக்குக் கீழ்ப்படிந்தாள் என்று சொல்வதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆதியாகமம் 21:12இல் சாராள் சொல்வதைக் கேள் என்று தேவனே ஆபிரகாமிடம் சொல்கிறார், அதே ‘ஷமா’.

எல்லை எது என்று தெரிய மூன்று பெண்களைப் பாருங்கள். யாத்திராகமம் 1இல் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ராஜாவின் கட்டளையை அவர்கள் செய்யவில்லை. தேவனுக்குப் பயந்தார்கள் என்பதே காரணமாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது ஆள் அப்போஸ்தலர் 5இன் சப்பீராள். நிலம் விற்ற பணத்தில் கணவன் சொன்ன பொய்யையே அவளும் சொன்னாள். பேதுரு அவளைக் கணவனோடு சேர்த்து விசாரிக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, தனியாக, இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று அவளிடமே கேட்டார். ‘அவர் சொன்னார், நான் கையெழுத்துப் போட்டேன்’ என்பது தேவனிடம் செல்லாது. பொய்யான பத்திரம், பொய்க் கணக்கு, பொய்ச் சாட்சி ஆகியவற்றில் கணவனே கேட்டாலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

எப்படி மறுப்பது என்பதற்கு 1 சாமுவேல் 25இன் அபிகாயில். கணவன் நாபால் தாவீதை அவமதித்ததால் வீடே அழியும் நிலை. அவள் 200 அப்பம், 2 துருத்தி திராட்சரசம், சமைத்த 5 ஆடு, 5 படி வறுத்த பயறு, 100 திராட்சைக்குலை, 200 அத்திப்பழ அடை என்று கழுதைகளில் ஏற்றி அனுப்பி, தானும் பின்னால் போனாள், நாபாலிடம் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது அவன் குடித்து வெறித்திருந்தான். பொழுது விடியுமட்டும் ஒன்றும் சொல்லாமல், வெறி தெளிந்த பிறகுதான் சொன்னாள். டாஸ்மாக்கிலிருந்து வருகிற கணவனோடு ராத்திரியே கணக்குத் தீர்க்க நினைக்கிற பெண்களுக்கு 36, 37 ஆகிய இரண்டு வசனமும் போதும்.

அடியைத் தாங்குவது கீழ்ப்படிதல் அல்ல. சவுல் ஈட்டி எறிந்தபோது தாவீது நின்று வாங்கவில்லை, விலகி ஓடினான். அவன் மனைவி மீகாள் அவனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள். ஆபத்து இருந்தால் முதலில் வீட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. 181 என்ற பெண்கள் உதவி எண் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், கணவன் வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் கோர்ட்டில் கேட்கலாம். ‘சபைக்குக் கெட்ட பேர்’ என்று தடுப்பவர்கள் இருப்பார்கள். அது அனுசரணை.

இந்த மண்ணுக்கு இது புதிதுமல்ல. இன்றைய குமரி மாவட்டம் அடங்கிய தென் திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டை 1820களிலிருந்தே மீறியவர்களில் முன்நின்றவர்கள் கிறிஸ்தவப் பெண்கள். அடி வாங்கினார்கள், ஆடை கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26இல் உத்தரவு வந்தபோது, நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமையை அரசும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அனுசரித்துப் போயிருந்தால் அந்த உத்தரவே வந்திருக்காது.

தவறிவிட்டால்

நோட்டில் எழுதியதை நான்கு நாள் செய்யாமல் போகும். ஐந்தாம் நாள் நான்கு நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாக ஜெபிக்கத் தேவையில்லை, அன்றைய வரியைச் செய்தால் போதும். ஆனால் பிறருக்கு நஷ்டம் வந்த தவறு என்றால் அழுது ஜெபித்தால் மட்டும் தீராது. எண்ணாகமம் 5:6,7 ‘புருஷனானாலும் ஸ்திரீயானாலும்’ என்று பெண்ணையும் சேர்த்தே சொல்கிறது: பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். சுயஉதவிக் குழுக் கணக்கில் 1,000 ரூபாய் கூடுதலாக எழுதி எடுத்திருந்தால், திருப்ப வேண்டியது 1,200. மொத்தமாக முடியாவிட்டால், குழுக் கூட்டத்தில் சொல்லிவிட்டு வாரம் 100 ரூபாயாகக் கட்டினால் பன்னிரண்டு வாரத்தில் முடியும்.